வாசலில் காத்திருப்பவர்கள்

2023 நவம்பர் 25, சனிக்கிழமை. களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பொறியியல் மாணவர்கள் நடத்தும் 'திஷ்ணா' விழாவையொட்டி மாலையில் இசை நிகழ்ச்சி. பாட வந்தவர் நிகிதா காந்தி. சென்னையில் பல் மருத்துவம் படித்தவர். 'ஐ' படத்தில் ரஹ்மான் இசையில் பாடியதால் நமக்கும் பழகிய குரல். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் திறந்தவெளி அரங்கில் நிகழ்ச்சி. அந்த அரங்கின் வாசலைத் தாண்டியதும் படிக்கட்டு சரிவாகக் கீழே இறங்கும். விழாவுக்கென்று அச்சடித்த டி-ஷர்ட் போட்ட பொறியியல் மாணவர்கள் முதலில் உள்ளே போவார்கள், மற்ற துறை மாணவர்களும் வெளியாட்களும் அதுவரை வெளியே நிற்பார்கள் என்பது ஏற்பாடு.

ஏழு மணி வாக்கில் மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி அந்த ஒரே வாசலுக்கு ஓடினார்கள். முன்னால் இருந்தவர்களுக்குப் படியில் கால் தவறியது. விழுந்தவர்கள் எழுவதற்குள் அடுத்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 3 பேர் அங்கே படித்த மாணவர்கள், ஒருவர் பாட்டுக் கேட்க வெளியிலிருந்து வந்த இளைஞர். 60-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பாடகி அப்போது மேடைக்கே வந்திருக்கவில்லை.

ஒரு பாட்டுகூடப் பாடப்படாத கச்சேரி அது. மேடை சரிந்து விழவில்லை, மின்கசிவு இல்லை, தீ இல்லை, அடிதடி இல்லை. மேடையைப் பொறுத்தவரை எல்லாம் தயாராகவே இருந்தது. வாசல் தயாராக இல்லை. அங்கே நிற்கப்போகிறவர்களைப் பற்றி, மழை வந்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி, யாரும் உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை.

பல்கலைக்கழகங்களில் இசை நிகழ்ச்சி நடத்தத் திட்டமிடும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது இந்த நிகழ்வைத்தான். மேடையை எல்லோரும் கவனிப்பார்கள். அதற்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள். ஒரு நிகழ்ச்சி நன்றாகத் திட்டமிடப்பட்டதா என்பது காத்திருப்பவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதில் தெரியும். வாசலுக்கு வெளியே நிற்கும் ரசிகர்களும் காத்திருப்பவர்கள்தான், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கலைஞர்களும் காத்திருப்பவர்கள்தான்.

முதல் கேள்வி

தமிழ்நாட்டின் கல்லூரி விழாக்கள் சின்ன விஷயம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1974-ல் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கிய விழா 1996-லிருந்து 'சாரங்' ஆகி ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதன் திறந்தவெளி அரங்கில் ஒரு இரவு கர்னாடக, இந்துஸ்தானி இசை, இன்னொரு இரவு ராக், இன்னொரு இரவு சினிமாப் பாட்டு என்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யின் 'ஃபெஸ்டெம்பர்', கிண்டி பொறியியல் கல்லூரியின் 'டெக்கோஃபெஸ்' என்று இந்த வரிசை நீளும். பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கான கலை அறிவியல் கல்லூரிகளின் ஆண்டு விழாக்களும் உண்டு. தமிழ்த் திரையில் பாடும், வாசிக்கும், நடிக்கும் எத்தனையோ பேர் முதலில் மைக் பிடித்தது இந்த மேடைகளில்தான்.

இவற்றை நடத்துகிறவர்களுக்கு வயது பத்தொன்பது, இருபது. அவர்கள் பல மாதங்கள் தூக்கம் கெட்டு உழைக்கிறார்கள். விளம்பரதாரர்களைத் தேடி அலைவதும், கோடி ரூபாய் புழங்கும் கணக்கைச் சில இடங்களில் கையாள்வதும் அவர்கள்தான். அந்த உழைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் விழாக் குழு கூடும் முதல் நாளில் எழும் முதல் கேள்வி எங்கேயும் ஒன்றாகவே இருக்கிறது: "இந்த வருஷம் யாரைக் கூப்பிடலாம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே வாரங்கள் ஓடும். பிறகு தேதி, முன்பணம், விளம்பரதாரர், எல்.இ.டி. திரை, லைட்டிங், ரீல்ஸ், போஸ்டர். கடைசி வாரத்தில்தான் நுழைவாயில் பேச்சுக்கு வரும். "அதை செக்யூரிட்டி ஏஜென்சி பார்த்துக்கும், நம்ம வாலன்டியர்ஸ் இருபது பேரைப் போட்டுடலாம்" என்று அது முடிந்துவிடும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஒரு கலைஞரின் கட்டணத்துக்கே போய்விட்ட பிறகு, இரும்புத் தடுப்புகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் எஞ்சியதைக் கிள்ளிக் கொடுப்பார்கள்.

முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் இடத்தில் எத்தனை பேர் பத்திரமாக நிற்கலாம், எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் உள்ளே வரலாம், எவ்வளவு நேரத்தில் வெளியே போகலாம் என்று கேட்க வேண்டும். அந்த எண் கிடைத்த பிறகு, அதற்கு ஏற்ற கலைஞர் யார் என்று யோசிக்கலாம். ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கை வைத்துக்கொண்டு பத்தாயிரம் பேரை இழுக்கும் பாடகரை அழைத்தால், மிச்சம் ஒன்பதாயிரம் பேர் வாசலில் நிற்பார்கள் என்பது அழைக்கும்போதே தெரிந்த விஷயம்.

ஒரு வாசலின் கணக்கு

இந்தக் கணக்கு கடினமானது இல்லை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு மதிய நேரத்தில் போட்டு முடித்துவிடலாம்.

விளையாட்டு மைதானங்களின் பாதுகாப்புக்காக பிரிட்டனில் வெளியிடப்படும் கையேடு ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971-ல், ஆட்டம் முடிந்து வெளியேறும்போது படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்ததைத் தொடர்ந்து உருவான கையேடு அது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் வெளியேறலாம் என்று அது கணக்கு வைக்கிறது. உங்கள் அரங்கின் வாசல் 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சமதளமாக இருந்தால் நிமிடத்துக்கு 246 பேர் போகலாம்; 2,000 பேர் வெளியேற எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். வாசலை ஒட்டிப் படி இருந்தால் பத்து நிமிடம். இது எல்லோரும் அமைதியாக, ஒரே திசையில், விளக்கு வெளிச்சத்தில் நடந்தால். இருட்டிலும் மழையிலும், எதிரே உள்ளே வர முயல்பவர்களோடு மோதிக்கொண்டும் நடந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

உள்ளே வருவதற்கு வேறு கணக்கு. ஐ.டி. கார்டு பார்த்து, பாஸ் ஸ்கேன் செய்து, பையைத் திறந்து பார்க்க ஒருவருக்குப் பத்து வினாடி என்றால், ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர்தான் வர முடியும். 3,000 பேரை ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே விட ஆறு வரிசை வேண்டும். இரண்டு வரிசை மட்டும் வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்று போஸ்டரில் போட்டுவிட்டு வாசலை ஐந்தரைக்குத் திறந்தால், முதல் பாட்டு ஒலிக்கும்போது முக்கால்வாசிப் பேர் வெளியே நிற்பார்கள். உள்ளேயிருந்து பாட்டுக் கேட்கிறது, தாங்கள் இன்னும் வெளியே நிற்கிறோம் என்றால் யாருக்கும் கால் தரையில் நிற்காது. தள்ளுமுள்ளு தொடங்குவது அங்கேதான்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கூட்டத்தை ஆராய்கிறவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை ஒருவர் தன் விருப்பப்படி திரும்பலாம், நகரலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. ஆறு, ஏழு ஆகும்போது மனிதர்கள் தனித்தனியாக நகர்வது நின்று, கூட்டம் மொத்தமாகத் தண்ணீர் போல அலையடிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு யார் எவ்வளவு பலசாலி என்பதற்கு அர்த்தம் இல்லை. நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள். நின்ற நிலையிலேயே இறந்துபோகிறவர்களும் உண்டு.

இதை மோசமாக்குவது ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்வரிசையில் ஒருவர் விழுந்து கிடப்பார். இருபது வரிசை தள்ளி நிற்பவர் "ஏன் நகர மாட்டேங்கிறாங்க" என்று ஓர் அடி எடுத்து வைப்பார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரரும் இல்லை. அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் வாசலுக்கு வெளியே ஒரு ஒலிபெருக்கி, ஒரு திரை, உயரத்தில் நின்று கூட்டத்தைப் பார்க்க ஓர் ஆள், அவரிடம் ஒரு மைக் வேண்டும். மேடைக்கு வாங்கும் விளக்குகளில் இரண்டைக் குறைத்தால் இந்தச் செலவு வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் எங்கும் கண்ணில் படும். விளம்பரதாரர்கள் தங்கள் பேனரையும் அலங்கார வளைவையும் நுழைவாயிலில்தான் வைக்கச் சொல்வார்கள். எல்லோரும் பார்க்கும் இடம் அது. அதன் இரு பக்கமும் ஜூஸ் கடை, செல்ஃபி ஸ்டாண்டு. ஆறு மீட்டர் வாசல் இப்படி மூன்று மீட்டராகச் சுருங்கும். சுருங்கியது யாருடைய கணக்கிலும் வராது.

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் பல மணி நேரம் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள். அவை பல்கலைக்கழக நிகழ்ச்சிகள் இல்லை. ஆனால் அங்கே இறந்தவர்களில் இளைஞர்கள் எத்தனை பேர் என்பதை நாம் மறக்க முடியாது. அவர்கள் வயதுப் பிள்ளைகள்தான் கல்லூரி வாசலிலும் நிற்கிறார்கள்.

ஒலியும் பாதுகாப்புதான்

சவுண்ட் இன்ஜினீயர்களோடு பேசினால் ஒன்று புரியும். மேடையின் இரு பக்கமும் ஸ்பீக்கர்களை அடுக்கி முழு சத்தத்தில் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு வார்த்தை புரியாது. பின்னால் நிற்பவர்கள் கேட்பதற்காகவே முன்னால் நெருங்குவார்கள். அரங்கின் பாதியில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை நிறுத்தினால் இந்தச் சிக்கல் தீரும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி வைக்கும் ஸ்பீக்கரில் ஒலியைப் பத்தில் ஒரு வினாடி தாமதித்து விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு முறை கேட்டுக் குழப்பும். இப்படிச் செய்தால் மொத்த சத்தத்தையும் குறைக்கலாம். கடைசி வரிசைக்கும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் பாடகரின் உச்சரிப்பும் தெளிவாகப் போய்ச் சேரும். நின்ற இடத்திலேயே நன்றாகக் கேட்கிறது, திரையில் நன்றாகத் தெரிகிறது என்றால் முன்னால் இடித்துக்கொண்டு போக யாருக்கும் காரணம் இல்லை.

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிலையம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. பத்து மணி என்பது தெரிந்த எல்லை. ஆனால் நட்சத்திரப் பாடகரின் சவுண்ட் செக் இரண்டு மணி நேரம் இழுக்க, அதற்கு முன் பாட வேண்டிய மாணவர் குழுக்களின் நேரம் வெட்டப்பட்டு, ஒன்பதே முக்காலுக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது "இன்னும் ஒரு பாட்டு" என்று கெஞ்சும் நிலை பல வளாகங்களில் வழக்கமாகிவிட்டது. சவுண்ட் செக்கை முந்தின இரவோ அன்று காலையோ முடிக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

பாட்டுக்கான உரிமம் பற்றிய குழப்பம் பலருக்கு இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் பாடி, கேட்பவர்களும் ஆசிரியர், மாணவர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டும் என்றால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. டிக்கெட் விற்று வெளியாட்களை அழைத்தால் அந்த நிழல் கிடைக்காது. உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம்

2022 மே 31 அன்று கொல்கத்தா நஸ்ருல் மஞ்சா அரங்கில் ஒரு கல்லூரி விழாவில் பாடினார் கே.கே. 'காக்க காக்க', 'கில்லி' படப் பாடல்களின் அந்தக் குரலைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். பாடி முடித்து விடுதிக்குத் திரும்பியதும் சரிந்து விழுந்தார், அன்றிரவே இறந்தார். வயது 53. காரணம் மாரடைப்பு என்றது பிரேதப் பரிசோதனை. அரங்கில் கொள்ளளவை மிஞ்சிய கூட்டம் இருந்ததா, குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்ததா என்பதில் பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பாடும் காட்சி நாடெங்கும் பரவியது. சர்ச்சையின் முடிவு எதுவாக இருந்தாலும், அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: மேடையில் ஒருவர் தவிக்கும்போது நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல அங்கே யாருக்கு உரிமை இருந்தது?

2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவில் 10 பேர் நெரிசலில் இறந்தார்கள். பலர் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தீயணைப்புத் துறை அறிவித்த பிறகும் அரை மணி நேரம் பாட்டு தொடர்ந்தது. அங்கே பணம், கேமரா, வயர்லெஸ், மருத்துவர்கள் எல்லாம் இருந்தும் அது நடந்தது. நம் கல்லூரியில் அதே நிலை வந்தால், இரண்டாம் ஆண்டு படிக்கும் விழாச் செயலாளர் மேடை ஏறி ஒரு பெரிய நட்சத்திரத்திடம் "சார், நிறுத்துங்க" என்று சொல்வாரா? அவரால் முடியாது. அவரிடம் அந்தச் சுமையை வைப்பதே தவறு.

நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியராகவோ அதிகாரியாகவோ இருக்க வேண்டும். அன்று அவருக்கு வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. சிறப்பு விருந்தினரின் பக்கத்து நாற்காலியில் சால்வையோடு உட்காரக் கூடாது. அவர் சொன்னால் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒலியைக் குறைத்து, விளக்கைப் போட வேண்டும் என்று சவுண்ட் மேசையில் இருப்பவருக்கும் கலைஞரின் மேலாளருக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுமதி தருவதோடு தங்கள் பங்கு முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களை நான் கடுமையாகக் குறை சொல்வேன். களமசேரியில் போலீஸ் பாதுகாப்பு கேட்டுப் பொறியியல் பிரிவிலிருந்து பதிவாளருக்கு எழுதிய கடிதம் ஒன்று துயரம் நடந்த பிறகு வெளியே வந்தது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் காகிதம் போவது திட்டமிடல் ஆகாது. அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போய், அதிகாரிகளை அழைத்து வந்து, வாசலைக் காட்டி, "இது போதுமா?" என்று கேட்பதுதான் திட்டமிடல்.

திரைக்குப் பின்னால் காத்திருப்பவர்கள்

இந்தப் பக்கத்தைப் பற்றிக் கல்லூரிகள் பேசுவதே இல்லை. பெரும்பாலான விழாக்களில் தொடக்க நிகழ்ச்சியாகப் பறையாட்டம் இருக்கும்; கரகம், காவடி, தவில், நாதஸ்வரம் இருக்கும். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் நின்று வாசித்து வரவேற்க வேண்டும். விருந்தினர் ஐந்து மணிக்கு வருவதாக இருந்து ஏழு மணிக்கு வந்தால், அந்தக் கலைஞர்கள் பறையைக் காய்ச்சியபடி இரண்டு மணி நேரம் வாசலிலேயே நிற்பார்கள். மேடையில் அவர்களுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லி அழைத்து, கடைசியில் அதையும் நான்காகக் குறைப்பார்கள்.

உடை மாற்றப் பெண் கலைஞர்களுக்குத் தனி அறை இருக்காது. நட்சத்திரத்துக்கு மட்டும் குளிர்சாதன கேரவன் நிற்கும். அவர் குழுவின் உணவுப் பட்டியல் மாதக்கணக்கில் பேசப்பட்டிருக்கும். தஞ்சாவூரிலிருந்தோ மதுரைப் பக்கத்திலிருந்தோ வேனில் வந்த பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்களா என்று கேட்க ஒரு வாலன்டியர்கூட ஒதுக்கப்பட்டிருக்க மாட்டார். நிகழ்ச்சி முடிந்து இரவு பதினொரு மணிக்குச் சம்பளம் கேட்டால், "அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல பில் போட்டிருக்கு, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க அண்ணே" என்பார்கள். அடுத்த வாரம் வந்துபோகும் வண்டிச் செலவு சம்பளத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். ஒரு பல்கலைக்கழகம் செய்யக் கூடாத காரியம் இது. சமூகவியலும் நாட்டார் வழக்காற்றியலும் பாடமாகச் சொல்லித்தரும் இடத்தில் அந்தக் கலையின் சொந்தக்காரர் தரையில் உட்கார்ந்து காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு போவது எனக்குத் தாங்கவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் மாற்று ஊடக மையம் நடத்திய வீதி விருது விழாவில் நாட்டுப்புறக் கலைஞர்களே விழா நாயகர்கள். வரவேற்புக்கு வாசிக்க வந்தவர்களாக இல்லாமல், விருது வாங்க வந்தவர்களாக அவர்கள் அந்த வளாகத்துக்குள் நடந்தார்கள். ஒரு கல்லூரி மைதானம் யாருடையது என்ற எண்ணமே அதைப் பார்த்த மாணவருக்கு மாறியிருக்கும்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு தகவல்: நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் ஒருவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை தரும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. வரியைக் காரணம் காட்டிப் பணத்தைத் தாமதிக்க இடம் இல்லை. முன்கூட்டியே வங்கி விவரம் வாங்கி, நிகழ்ச்சி முடிவதற்குள் பணம் ஏறும்படி செய்வது ஒரு பல்கலைக்கழகத்துக்கு முடியாத காரியம் இல்லை.

பெரிய மேடை மட்டுமா?

நட்சத்திர இரவு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் இசை இல்லை என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது என்று தெரியவில்லை. 1977-ல் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேக்கே இயக்கம் இன்றும் கல்லூரி கல்லூரியாகப் பெரிய கலைஞர்களை அழைத்து வந்து, மாணவர்களுக்கு முன்னால் உட்கார வைக்கிறது. பாடுகிறவர் நிறுத்தி, ராகத்தைப் பற்றிச் சொல்வார். மாணவர் கேள்வி கேட்பார். கலைஞரை ரயில் நிலையத்தில் வரவேற்பது, சாப்பாடு கொடுப்பது, மேடை விரிப்பு போடுவது எல்லாம் மாணவர் வேலை. நுழைவுக் கட்டணம் கிடையாது. இருநூறு பேருக்கான அந்தக் கூட்டத்தில் வாசலைப் பற்றிய பயமும் கிடையாது.

இன்னும் தொலைவில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிறிய ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலசரஸ்வதி 1962-ல் அங்கே போய் நடனம் கற்றுத்தந்தார். அவருடைய தம்பிகள் புல்லாங்குழல் விஸ்வநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அங்கேயே ஆசிரியர்களாக இருந்து தலைமுறைகளை உருவாக்கினார்கள். அறுபதுகளில் மாணவர்கள் ஒரு வீட்டில் கூடி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கச்சேரி கேட்பது அங்கே வழக்கமாக இருந்தது. எழுபதுகளில் தொடங்கிய நவராத்திரி விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சரஸ்வதி பூஜையன்று மாணவர்கள் தங்கள் வாத்தியங்களையும் புத்தகங்களையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் அவர்களோடு சேர்கிறார்கள். வகுப்பறையில் ஆண்டு முழுக்க நடப்பது மேடைக்கு வருகிறது. ஏறக்குறைய ஐம்பது வருடம் நீடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் இதற்கு வேர் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது. தமிழில் பாட வேண்டும் என்ற இயக்கம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த இசைக் கூட்டம் இந்த மாநிலத்தின் மேடைகளையே மாற்றியது. அப்படி ஒரு கருத்தோடு நடக்கும் இசை விழா இன்று எத்தனை வளாகங்களில் இருக்கிறது?

நட்சத்திர இரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில் நண்பர்கள் தோள்மேல் கைபோட்டு, பிடித்த பாடகரோடு சேர்ந்து பாடுவது ஒரு மனிதருக்கு வாழ்நாள் முழுக்க நிற்கும் சந்தோஷம். அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. களமசேரிக்குப் பிறகு பல நிர்வாகங்கள் சுலபமான வழியாகத் தடையைத்தான் யோசித்தன. ஆனால் கேரளத்தில் தடைகளும் கட்டுப்பாடுகளும் ஏற்கெனவே இருந்தன. 2015-ல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி ஓணக் கொண்டாட்டத்தில் ஜீப் மோதி ஒரு மாணவி இறந்தபோதே அரசு உத்தரவு போட்டிருந்தது. எட்டு வருடம் கழித்து அந்த உத்தரவு அந்த 4 பேரைக் காப்பாற்றவில்லை. அந்த வாசலின் அகலத்தை அளக்க யாரும் வராமல், எத்தனை உத்தரவு போட்டும் பயனில்லை. வளாகத்துக்குள் தடை செய்தால் விழா வெளியே ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக்கோ தனியார் மைதானத்துக்கோ போகும். அங்கே ஆசிரியரும் இருக்க மாட்டார்கள், ஆம்புலன்ஸும் இருக்காது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே கூட்டங்களைக் கையாள்வது பற்றிய வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. அதைத் தமிழில் சுருக்கி, ஒவ்வொரு கல்லூரி விழாக் குழுவுக்கும் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடலாம். சிவில் பொறியியல் மாணவர்கள் தங்கள் அரங்கின் வாசல்களை அளந்து கொள்ளளவைக் கணக்கிடுவதைப் பாடத் திட்டத்தில் ஒரு புராஜெக்ட்டாக வைத்து மதிப்பெண் தரலாம். செவிலியர் கல்லூரி பக்கத்தில் இருந்தால் முதலுதவிக் குழுவை அங்கிருந்தே அமைக்கலாம். சட்டம் படிப்பவர்கள் கலைஞர் ஒப்பந்தத்தை எழுதலாம். அதில் பறையடிக்கும் குழுவுக்கும் சினிமாப் பாடகருக்கும் ஒரே மாதிரி சாப்பாடு, அறை, பணம் தரும் நாள் எல்லாம் இருக்கட்டும். இதற்கெல்லாம் வேண்டிய அறிவு ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது, வேறு எந்த நிகழ்ச்சி அமைப்பாளருக்கும் கிடைக்காத வசதி அது.

வரும் ஜனவரி விழாக்களுக்கான பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். பாடகரின் பெயரை முடிவு செய்யும் முன், குழுவில் இரண்டு பேர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அரங்கின் வாசலுக்குப் போகட்டும். அகலத்தை அளக்கட்டும். பக்கத்தில் படி இருக்கிறதா, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, மழை வந்தால் வெளியே நிற்பவர்கள் ஒதுங்கக் கூரை எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இரண்டாவது வாசலின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரட்டும்.